இதயச் சிரைகளும் வால்வுகளும்: ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்கும் கேள்விகள்

எக்கோ (இதய ஸ்கேன்) அறையிலும், ரத்தக் குழாய் வழியாக இதயச் சிகிச்சை செய்யும் கேத் லேப்பிலும் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதையும் மறந்ததையும் வெளியே வந்ததும் எங்களிடம் கேட்பார்கள். "இதயத்தில் கூடுதலா ஒரு குழாய் இருக்காம்", "வால்வுக்கு ரெண்டு இதழ்தானாம்", "ஒயர் உள்ளே போகலையாம்" என்று ஒரே மாதிரிக் கவலைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போகும் என்பதால் எண் போட்டிருக்கிறேன். உங்களுக்கு என்ன செய்வது என்பதை உங்களைப் பார்க்கும் இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் சரியான கேள்வியோடு போய் நிற்பதற்காகத்தான் இந்தப் பக்கம்.

1. ஆஞ்சியோவில் ரத்தக் குழாய் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. இப்போ இதயச் சிரைன்னு வேற ஏதோ சொல்றாங்களே, அது என்ன?

ஆஞ்சியோவில் பார்ப்பது தமனிகளை. இதயத் தசைக்கு நல்ல ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அவை. அடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் என்று நாம் பேசுவதெல்லாம் அவற்றைப் பற்றித்தான். தசை பயன்படுத்திய ரத்தம் திரும்பி வர வழி வேண்டுமல்லவா? அதுதான் இதயச் சிரைகள். இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் பல சிரைகள் பின்பக்கமாக வந்து, இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் ஓடும் ஓர் அகலமான குழாயில் சேர்கின்றன. அதற்குப் பெயர் கரோனரி சைனஸ். நீளம் சில சென்டிமீட்டர்தான். வலது மேலறைக்குள் போய்த் திறக்கிறது.

தமனியில் வருகிற கொழுப்பு அடைப்பு இந்தச் சிரைகளில் வருவதில்லை. அதனால் இவற்றின் பெயர் வெளியே அடிபடுவதும் இல்லை. மருத்துவர்கள் இவற்றை ஒரு பாதையாகப் பயன்படுத்த நினைக்கும்போதுதான் பேச்சே வருகிறது. சில வகை பேஸ்மேக்கரின் ஒயர் இதன் வழியாகத்தான் போக வேண்டும். படபடப்புக்கான மின் பரிசோதனையிலும் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதற்குள்தான் வைப்பார்கள்.

2. வால்வு நாலுன்னுதான் பள்ளிக்கூடத்தில் படிச்சோம். சிரை வாயில் வால்வு இருக்குன்னு சொல்றாங்க. அஞ்சாவது வால்வா?

ரத்த ஓட்டத்தை நடத்தும் பெரிய வால்வுகள் நான்குதான்: மைட்ரல், டிரைகஸ்பிட், அயோர்ட்டிக், பல்மோனரி. இவற்றைத் தவிர, சிரைகள் திறக்கும் இடங்களில் மெல்லிய மடிப்புகள் சில இருக்கின்றன. அவற்றையும் வால்வு என்றே மருத்துவத்தில் அழைக்கிறார்கள். இவை இல்லாவிட்டாலும் இதயம் நன்றாகவே வேலை செய்யும்.

தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. கரோனரி சைனஸின் வாயில் இருப்பது தெபீசியன் வால்வு. ஜெர்மன் மருத்துவர் தெபீசியஸ் 1708-இல் எழுதியதால் அந்தப் பெயர். அதே குழாயின் மறுமுனையில், பெரிய இதயச் சிரை வந்து சேரும் வளைவில் இருப்பது வியூசென்ஸ் வால்வு. இது பிரான்ஸைச் சேர்ந்த வியூசென்ஸின் பெயர். அவருடைய நூல் வந்தது 1706-இல். உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து ரத்தம் கொண்டுவரும் கீழ்ப் பெருஞ்சிரையின் வாயில் இருப்பது யூஸ்டேஷியன் வால்வு. முன்னூறு வருடங்களுக்கு முன்பே வெறும் கண்ணால் பார்த்து எழுதிவைத்த இந்த மடிப்புகள், கதீட்டர் சிகிச்சை வந்த பிறகுதான் நோயாளியின் வாழ்க்கையில் குறுக்கிட ஆரம்பித்தன.

3. எக்கோவில் யூஸ்டேஷியன் வால்வு பெருசா இருக்குன்னும், பக்கத்து பெட்காரருக்கு கியாரி வலைன்னும் எழுதியிருக்கு. கட்டியா?

கட்டி இல்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்யாது. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் நல்ல ரத்தம் கீழ்ப் பெருஞ்சிரை வழியாக வலது மேலறைக்கு வந்து, நடுச்சுவரில் உள்ள ஒரு திறப்பு வழியாக இடது பக்கம் போக வேண்டும். அந்தத் திறப்பை நோக்கி ரத்தத்தைத் திருப்பிவிடுவதுதான் யூஸ்டேஷியன் வால்வின் வேலை. பிறந்த பிறகு அந்த வேலை முடிந்துவிடும். பலருக்கு அது சுருங்கிவிடுகிறது, சிலருக்கு நீளமாகவே நின்றுவிடுகிறது. எக்கோ திரையில் மேலறைக்குள் ஒரு மெல்லிய கோடு ஆடுவது போலத் தெரியும். அதே திசு ஓட்டைகளோடு வலை மாதிரி மிஞ்சினால் அது கியாரி வலை. 1897-இல் கியாரி விவரித்தார். நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்கு இருக்கலாம்.

முதல்முறை பார்ப்பவர் இதை ரத்தக்கட்டி என்று சந்தேகிப்பதுண்டு. அதனால்தான் ரிப்போர்ட்டில் பெயர் சொல்லி எழுதுகிறோம். அடுத்த முறை வேறு இடத்தில் எக்கோ எடுப்பவர் பதறக் கூடாது பாருங்கள். மருந்தும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம். வலது மேலறைக்குள் கதீட்டரோ ஓட்டை அடைக்கும் கருவியோ கொண்டுபோகும்போது மட்டும் அதில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துச் செய்வார்கள்.

4. எல்லாருக்கும் இதயம் ஒரே மாதிரிதானே இருக்கும்? எனக்கு மட்டும் ஏன் வித்தியாசம்?

ஒரே மாதிரி இருப்பது பெரிய அமைப்பு மட்டும்தான்: நான்கு அறைகள், நான்கு வால்வுகள், ரத்தம் ஓடும் வரிசை. அதற்குக் கீழே இறங்கிப் பார்த்தால் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. அதிலும் சிரைகள் தமனிகளைவிட அதிகமாக மாறுபடும். பக்கவாட்டில் ஒருவருக்கு ஒரே தடிமனான சிரை இருக்கும், இன்னொருவருக்கு மூன்று ஒல்லியானவை இருக்கும், வேறொருவருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். தெபீசியன் வால்வு சிலருக்குப் பிறை வடிவம், சிலருக்கு ஒரு நூல், சிலருக்குச் சல்லடை, சிலருக்குக் கிட்டத்தட்ட முழுக் கதவு, சிலருக்கு இல்லவே இல்லை. இவர்கள் எல்லாருமே ஆரோக்கியமாக இருந்திருப்பார்கள்.

காரணம் கரு வளரும் விதம். ஆரம்ப வாரங்களில் உடலின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜோடி ஜோடியாகச் சிரைகள் உருவாகின்றன. பிறகு சில மூடிக்கொள்ளும், சில பெரிதாகும். இடது மேல் பக்கத்தில் இருந்தது பெரும்பாலும் மூடி, மார்ஷல் சிரை என்ற சிறு குழாயாகவும் ஒரு நாராகவும் மிஞ்சுகிறது. ஆங்கிலேய மருத்துவர் மார்ஷல் 1850-இல் இதை விளக்கினார். எது மூட வேண்டுமோ அது மூடாமல் நின்றால், அல்லது நிற்க வேண்டியது மூடிக்கொண்டால், அதைத்தான் அமைப்பு வேறுபாடு என்கிறோம். கர்ப்பத்தில் அம்மா செய்த தவறால் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

5. இடது பக்கமும் ஒரு மேல் பெருஞ்சிரை இருக்காம். கூடுதலா ஒரு குழாய் இருந்தா ஆபத்தா மேடம்?

தலை, கைகளிலிருந்து வரும் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேல் பெருஞ்சிரை வலது பக்கம் இருப்பதுதான் வழக்கம். முன் பதிலில் சொன்ன இடது பக்கக் குழாய் மூடாமல் நின்றால் உங்களுக்கு வந்த ரிப்போர்ட் வரும். ஆயிரம் பேரில் 3 முதல் 5 பேருக்கு இது உண்டு. பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களிடம் இன்னும் பல மடங்கு அதிகம்.

இது எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பத்தில் ஒன்பது பேருக்கு கரோனரி சைனஸில் கலந்து வலது மேலறைக்கே வந்துவிடுகிறது. அப்படியானால் ரத்த ஓட்டத்தில் எந்தக் குறையும் கிடையாது. கூடுதல் ரத்தம் வருவதால் கரோனரி சைனஸ் மட்டும் அகலமாகிவிடும். மீதிச் சிலருக்கு இடது மேலறைக்குள் திறக்கும். அப்போது ஆக்சிஜன் குறைந்த ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலக்கும். கைச் சிரையில் ஏறும் சிறு காற்றுக் குமிழியோ ரத்தக்கட்டியோ நுரையீரலில் தங்காமல் நேரே மூளைக்குப் போக வாய்ப்பு உண்டு. அந்த வகைக்குத் தனிக் கவனம் தேவை. ரிப்போர்ட்டில் எங்கே சேர்கிறது என்று எழுதவில்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

6. கரோனரி சைனஸ் விரிஞ்சிருக்குன்னு மட்டும்தான் எழுதியிருக்கு. இடது குழாய் இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

குமிழிப் பரிசோதனை என்று ஒன்று செய்வோம். இடது கையில் ஊசி போட்டு, மூன்று வழிக் குழாயில் இரண்டு சிரிஞ்சுகளை மாட்டுவோம். ஒன்றில் 9 மில்லி சலைன், கொஞ்சம் காற்று. ஒரு சிரிஞ்சிலிருந்து மற்றதுக்கு வேகமாகப் பத்துப் பதினைந்து தடவை அடித்தால் சலைன் பால் மாதிரி நுரைத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் காற்றை வெளியேற்றிவிட்டு, அதைச் சட்டென்று கையில் செலுத்தி எக்கோ திரையைப் பார்ப்போம். இடது மேல் பெருஞ்சிரை இருந்தால் முதலில் கரோனரி சைனஸ் வெள்ளையாகும், அதற்குப் பிறகுதான் வலது மேலறை. வலது கையில் செலுத்தினால் வழக்கம்போல மேலறைதான் முதலில் வெள்ளையாகும். அந்த வரிசைதான் விடை. வலி ஊசி குத்தும் அளவுக்குத்தான்.

இடது கையில் போடாமல் வலது கையில் மட்டும் போட்டால் தவறவிட்டுவிடுவோம். அதனால் "இடது கையைக் கொடுங்க" என்று நாங்கள் கேட்கும்போது, வலது கையில் ஏற்கெனவே ஊசி இருக்கிறதே என்று சங்கடப்படாதீர்கள். இன்னொன்று: கரோனரி சைனஸ் விரிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. வலது மேலறையில் அழுத்தம் கூடியிருக்கலாம், நுரையீரல் சிரை தவறிப்போய் அதில் சேர்ந்திருக்கலாம், கரோனரி தமனிக்கும் சிரைக்கும் இடையே தவறான இணைப்பு இருக்கலாம். எக்கோவில் முடிவாகாவிட்டால் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

7. அந்த இடது குழாய் இருக்கிறவங்களுக்கு பேஸ்மேக்கர் வைக்க முடியாதா?

முடியும், வைக்கிறார்கள். பேஸ்மேக்கரை வழக்கமாக இடது தோளுக்குக் கீழே வைத்து, ஒயரை மேல் பெருஞ்சிரை வழியாக இறக்குவார்கள். இடது குழாய் இருந்தால் ஒயர் மார்பின் இடது ஓரமாகவே இறங்கி, கரோனரி சைனஸைச் சுற்றிக்கொண்டு வலது மேலறைக்கு வரும். அங்கிருந்து வலது கீழறைக்குள் நுழைய டிரைகஸ்பிட் வால்வை நோக்கிக் கூர்மையாகத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம்தான் சிரமம். மேலறையின் பக்கச் சுவரில் ஒயரைச் சாய்த்து ஒரு பெரிய வளையம் போட்டு உள்ளே கொண்டுபோவார்கள். முனையில் திருகு உள்ள ஒயரைப் போட்டால் நழுவாது.

முன்கூட்டியே தெரிந்தால் வலது தோள் பக்கமாக வைத்துவிடலாம், வேலை சுலபம். ஆனால் சிலருக்கு வலது பக்கக் குழாயே இருக்காது. அதையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். இதேபோல டயாலிசிஸ் குழாயோ ஐ.சி.யு.வில் கழுத்துக் குழாயோ போட்ட பிறகு எக்ஸ்ரேயில் அது இடது பக்கமாக இறங்கினால், தமனிக்குள் போய்விட்டதோ என்று எல்லாரும் பதறுவார்கள். "எனக்கு இடது பக்க மேல் பெருஞ்சிரை இருக்கு" என்று நோயாளியின் வீட்டார் முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தப் பதற்றம் இருக்காது.

8. அப்பாவுக்கு மூணு ஒயர் பேஸ்மேக்கர் வைக்கப் போனாங்க. ரெண்டு ஒயர் வெச்சாச்சு, மூணாவது போகலைன்னு சொல்லிட்டாங்க. என்ன ஆச்சு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் முகத்தைப் பார்த்தாலே மனசு கஷ்டப்படும். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதயம் பலவீனமாகி, இடது பக்க மின்பாதையிலும் தடை வந்தால், இதயத்தின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுருங்காது. மூன்று ஒயர் பேஸ்மேக்கர், அதாவது சி.ஆர்.டி., அந்த இரண்டையும் ஒன்றாகச் சுருங்க வைக்கிறது. முதல் இரண்டு ஒயர்களும் வலது பக்க அறைகளுக்குப் போகும். மூன்றாவது இடது கீழறையைத் தூண்ட வேண்டும். அங்கே நேரடியாக ஒயர் வைத்தால் அதில் ரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வரும் அபாயம் உண்டு. அதனால் கரோனரி சைனஸுக்குள் நுழைந்து, இடது கீழறையின் வெளிச்சுவரில் ஓடும் பக்கவாட்டுச் சிரையில் ஒயரை நிறுத்துகிறார்கள். இந்த முறை 1990-களின் பின்பாதியில் வந்தது.

தடைகள் வரிசையாக நிற்கின்றன. முதலாவது வாசல்: தெபீசியன் வால்வு பெரிதாக இருந்தால் கதீட்டர் முனை அதில் பட்டுப் பட்டுத் திரும்பும். எக்ஸ்ரே திரையில் பார்த்தால் சரியான இடத்தில்தான் நிற்கும், ஆனால் உள்ளே போகாது. அடுத்தது வளைவு: வியூசென்ஸ் வால்வு இருக்கும் இடத்தில் குழாய் திரும்புகிறது, ஒயருக்கு வழிகாட்டும் மெல்லிய வயர் அங்கே மடங்கிவிடும். அதையும் தாண்டினால், ஒரு சின்ன பலூனை ஊதி ரத்தத்தை நிறுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் சாய மருந்தான டையைச் செலுத்துவார்கள். ஒரு நொடி சிரைகளின் முழுக் கிளை அமைப்பும் கறுப்பாகத் தெரியும். பக்கவாட்டில் தகுந்த சிரை இருக்கிறதா என்பது அந்த நொடியில்தான் தெரிய வருகிறது. இல்லாமலும் இருக்கலாம், நூல் போல ஒல்லியாகவும் இருக்கலாம், கொக்கி போல வளைந்தும் கிளம்பலாம். பழைய மாரடைப்பால் தழும்பான இடத்தில் சிரை ஓடினால், ஒயர் வைத்தும் பயன் குறைவு.

இந்தச் சிரைகளின் சுவர் மெல்லியது. விடாமல் முட்டினால் கிழியும், இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கும். ஒரு கட்டத்தில் "இன்று போதும்" என்று மருத்துவர் நிறுத்துவது பல நேரங்களில் அப்பாவின் உயிரைக் காப்பாற்றிய முடிவாக இருக்கும்.

9. டாக்டருக்கு அனுபவம் பத்தலையோ? இதை முன்னாடியே ஸ்கேன்ல பார்த்திருக்கலாமே?

அனுபவம் உதவும், மறுக்கவில்லை. வளைக்கக்கூடிய கதீட்டர், வேறு வடிவ ஷீத் (கதீட்டர் உள்ளே போகும் உறைக் குழாய்), மெல்லிய வயர் என்று மாற்றி மாற்றி முயலத் தெரிந்தவர்களுக்கு வெற்றி விகிதம் கூடும். ஆனாலும் மிகத் தேர்ந்த கைகளுக்கும் இந்த ஒயர் போகாத இதயங்கள் உண்டு. அந்த வித்தியாசம் நோயாளியின் உடலில் பிறப்பிலிருந்தே இருப்பது.

சி.டி.யில் சிரைகளின் அமைப்பைப் பார்க்கலாம். எல்லாருக்கும் ஏன் எடுப்பதில்லை என்றால், சி.ஆர்.டி. தேவைப்படும் நோயாளிகளில் பலருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். சி.டி.க்கும் டை வேண்டும், சிகிச்சைக்கும் டை வேண்டும். மெல்லிய வால்வு மடிப்புகள் சி.டி.யில் எப்போதும் தெளிவாகத் தெரிவதும் இல்லை. முன்பு ஆஞ்சியோ எடுத்திருந்தால் அந்தப் படங்கள் பதிந்த தட்டைக் கொண்டுவாருங்கள். டை தமனியைத் தாண்டி சிரைக்கு வரும் கடைசிச் சில நொடிகள் அதில் பதிவாகியிருந்தால், சிரைகள் மங்கலாகவாவது தெரியும். முதல் முயற்சி தோற்று, இரண்டாவது முயற்சி செய்யப்போகிறார்கள் என்றால் சி.டி. பற்றி நீங்களே கேட்கலாம், நியாயமான கேள்வி அது.

10. சரி, போகலைன்னா அடுத்து என்ன வழி?

வேறு சிரையில் வைத்துப் பார்க்கலாம், சுருங்கிய சிரையைச் சிறு பலூனால் விரிக்கலாம். இதய அறுவை மருத்துவர் விலா இடுக்கில் சிறிய கீறல் போட்டு இதயத்தின் வெளிப்பரப்பிலேயே ஒயரைத் தைக்கலாம். இதற்கு மயக்க மருந்து வேண்டும், பலவீனமான இதயத்துக்கு அது ஒரு சுமை.

இப்போது இன்னொரு வழி வேகமாகப் பரவி வருகிறது. சிரை வழியே போகாமல், வலது கீழறையிலிருந்து நடுச்சுவருக்குள் ஒயரைத் திருகி, இதயத்தின் சொந்த இடது மின்பாதையையே தூண்டுவது. சீனாவில் ஹுவாங் குழுவினர் 2017-இல் வெளியிட்ட முறை இது. கரோனரி சைனஸ் எப்படி இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. மூன்றாவது ஒயர் போகவில்லை என்று சொன்ன இடத்தில் "இடது மின்பாதை பேஸிங் அப்பாவுக்குச் சரிவருமா?" என்று கேளுங்கள். சிலருக்குச் சரிவராது, அதற்கான காரணத்தை அவர் சொல்வார்.

11. மூணாவது ஒயர் வெச்சு வீட்டுக்கு வந்தாச்சு. இடது பக்கம் படுத்தா வயிறு துடிக்குது, விக்கல் மாதிரி வருது. ஒயர் நழுவிடுச்சா?

நழுவியிருக்கலாம், ஆனால் அதைவிட அடிக்கடி பார்க்கும் காரணம் வேறு. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு இதயத்தின் இடது ஓரத்தை ஒட்டி இறங்குகிறது. பக்கவாட்டுச் சிரை சிலருக்கு அந்த நரம்புக்கு மிக அருகில் ஓடும். பேஸ்மேக்கரின் மின்துடிப்பு நரம்பையும் சேர்த்துத் தூண்டினால் உதரவிதானம் துடிக்கும். படுக்கும் நிலை மாறினால் இடைவெளி மாறும், அதனால்தான் இடது பக்கம் படுத்தால் மட்டும் வருகிறது.

பேஸ்மேக்கர் கிளினிக்கில் கணினி வழியாக மின்னழுத்தத்தைக் குறைத்தோ, ஒயரில் உள்ள வேறு முனையைத் தேர்ந்தெடுத்தோ பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். நான்கு முனை உள்ள ஒயர்கள் வந்த பிறகு இது எளிதாகிவிட்டது. அடுத்த மாத செக்கப் வரை தாங்கிக்கொள்ள வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

12. பையனுக்கு அயோர்ட்டிக் வால்வில் மூணுக்குப் பதில் ரெண்டு இதழ்தானாம். இப்போ ஓடி ஆடி நல்லாத்தான் இருக்கான். ஆபரேஷன் பண்ணணுமா?

இப்போதைக்குப் பெரும்பாலும் வேண்டாம், ஆனால் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். மக்களில் 100-க்கு ஒருவர் அல்லது இருவருக்கு இது உண்டு, ஆண்களிடம் அதிகம். பெரும்பாலும் இரண்டு இதழ்கள் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரு தழும்புக் கோடு தெரியும். 2, 3-ஆவது பதில்களில் மடிப்பு வால்வுகளைப் பற்றிச் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இது ஒவ்வொரு துடிப்பிலும் உழைக்கும் வால்வு. இரண்டு இதழோடு உழைப்பதால் சுண்ணாம்பு சீக்கிரம் படிந்து சுருங்கலாம், அல்லது கசியலாம். மூன்று இதழ் உள்ளவர்களுக்கு முதுமையில் வரும் சுருக்கம் இவர்களுக்குச் சில பத்து வருடங்கள் முன்பே வரக்கூடும்.

வால்வை மட்டும் பார்த்தால் போதாது. அதிலிருந்து கிளம்பி உடலுக்கெல்லாம் ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியும் சிலருக்கு விரிந்துகொண்டே போகும். 5.5 சென்டிமீட்டரை எட்டினால் அறுவை பற்றிப் பேசுவார்கள், வேறு அபாயங்கள் இருந்தால் இன்னும் முன்பே. ஆகவே ஒவ்வொரு எக்கோவிலும் அந்த அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பழைய அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தை ஒரு முறையாவது கையிலும் காலிலும் அளக்கச் சொல்லுங்கள். மகாதமனி ஓரிடத்தில் இறுகியிருக்கும் பிறவிக் கோளாறு இதோடு சேர்ந்து வருவதுண்டு.

13. அவனுக்கு இருக்குன்னா தம்பிக்கும் இருக்குமா?

இருக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருப்பதாகத் தெரிகிறது. வலியில்லாத ஓர் எக்கோதான், எல்லாரும் ஒரு முறை எடுத்துவிடுங்கள். அப்பாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிள்ளைக்குப் பார்க்க வந்து, பக்கத்தில் நிற்கும் அப்பாவின் வால்வு இறுகியிருப்பது தெரியவரும் குடும்பங்கள் உண்டு. 5-ஆவது பதிலில் சொன்ன இடது மேல் பெருஞ்சிரைக்கு இப்படிக் குடும்பம் முழுக்கத் தேட வேண்டியதில்லை.

14. இப்போல்லாம் நெஞ்சைத் திறக்காம கால் வழியா வால்வு வைக்கிறாங்களே. ரெண்டு இதழ் வால்வுக்கும் அது சரியா?

டாவி என்று சொல்லப்படும் இந்தச் சிகிச்சையை முதன்முதலில் மனிதருக்குச் செய்தவர் பிரான்ஸின் ரூவான் நகரில் கிரிபியே, 2002-இல். அதை நிலைநாட்டிய முதல் பெரிய ஆய்வுகளில் இரண்டு இதழ் வால்வு உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. காரணம் வடிவம். புது வால்வு வட்டமாக விரிய வேண்டும். பழைய வால்வின் திறப்போ நீள்வட்டமாகவும், ஒட்டிய கோட்டில் சுண்ணாம்பு கட்டியாகவும் இருக்கும். புது வால்வு ஒரு பக்கம் சரியாக விரியாது, ஓரத்தில் கசியும். சுண்ணாம்பு அழுத்தினால் வால்வு வளையம் கிழியும் அபாயமும் உண்டு.

இன்று தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு நல்ல முறையில் செய்கிறார்கள். எல்லாம் சி.டி. அளவுகளில் இருக்கிறது: வளையத்தின் சுற்றளவு, சுண்ணாம்பு எங்கே எவ்வளவு, கரோனரி தமனிகளின் வாய் எவ்வளவு உயரத்தில், மகாதமனி விரிந்திருக்கிறதா. மகாதமனியும் விரிந்திருந்தால், வயதும் குறைவாக இருந்தால், நெஞ்சைத் திறந்து இரண்டையும் ஒரே தடவையில் சரிசெய்வதே நல்லது. தழும்பு சிறியது என்பதற்காக மட்டும் டாவியைக் கேட்டு வாங்காதீர்கள்.

15. அம்மாவுக்கு மைட்ரல் வால்வு சுருக்கம். பலூன் போடப் போனவங்க கால் வழியா ஏறவே முடியலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நம்பவே முடியலை.

நம் நாட்டில், தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலின் பின்விளைவாக மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் இன்னும் நிறைய பேர். ஜப்பானின் இனோவே 1984-இல் வெளியிட்ட பலூன் முறை இவர்களுக்குப் பெரிய வரம். வலது தொடைச் சிரையில் நுழைந்து, கீழ்ப் பெருஞ்சிரை வழியாக வலது மேலறைக்கு ஏறி, நடுச்சுவரைக் குத்தி இடது மேலறைக்குள் போவதுதான் பாதை. மிகச் சிலருக்குக் கல்லீரலுக்குக் கீழேயே அந்தக் கீழ்ப் பெருஞ்சிரை நின்றுபோய், ரத்தம் முதுகெலும்பை ஒட்டிய அசைகஸ் சிரை வழியாக மேலே சுற்றிப்போய் மேல் பெருஞ்சிரையில் விழும். ரத்தத்துக்கு எந்தக் குறையும் இல்லை, அம்மாவுக்கு இத்தனை வருடம் தெரியவும் வாய்ப்பில்லை. ஆனால் கீழிருந்து வரும் கதீட்டர் மேலறைக்குள் மேல் பக்கமிருந்துதான் இறங்கும். அந்தக் கோணத்தில் சுவரைக் குத்த முடியாது.

கழுத்துச் சிரை வழியாகப் பலூன் போடுவதுண்டு, அதில் பழகிய மையங்கள் குறைவு. இல்லையென்றால் வால்வு அறுவை. எந்த வழி என்பது வால்வின் இதழ்கள் எவ்வளவு தடித்திருக்கின்றன என்பதையும் பொறுத்தது. திருப்பி அனுப்பும்போது அன்று எடுத்த படங்களின் தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த இடத்தில் மறுபடி தொடையில் குத்திப் பார்க்க வேண்டியிருக்காது.

16. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அப்லேஷன் பண்ணப் போறாங்க. நுரையீரல் சிரை நாலு இல்லை, மூணுதான்னு சி.டி.யில் வந்திருக்கு. பண்ணலாமா?

பண்ணலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது, அப்லேஷன் என்பது அதைக் கிளப்பும் இடத்தைச் சுட்டோ உறைய வைத்தோ தடுப்பது. நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகள் வழக்கமாக நான்கு. இடது பக்கத்து இரண்டு சிரைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வாயாகத் திறப்பது சாதாரணம். வலது பக்கம் நடுவில் கூடுதலாக ஒன்று இருப்பதும் அப்படியே. பிரான்ஸின் போர்தோவில் அயிசாகேரின் குழு 1998-இல் இந்தச் சிரைகளிலிருந்துதான் ஒழுங்கற்ற துடிப்பு கிளம்புகிறது என்று காட்டியது. அதனால் சிரை வாயைச் சுற்றி மின் தடுப்பு போடுகிறார்கள். வாய் பெரிதாக இருந்தால் குளிர் பலூன் சரியாக அடைக்காது. அப்போது புள்ளி புள்ளியாகச் சுடும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்காகத்தான் சி.டி. முன்பே எடுத்தது.

17. அஞ்சாம் மாச ஸ்கேனில் குழந்தைக்கு இடது மேல் பெருஞ்சிரை இருக்குன்னு சொன்னாங்க. கர்ப்பத்தைத் தொடரலாமா?

இது தனியாக இருந்தால் தொடர்வதற்கு எந்தத் தடையும் இல்லை. தனியாகத்தான் இருக்கிறதா என்பதை உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் பிறவி இதயக் கோளாறுகளோடும் மகாதமனி இறுக்கத்தோடும் இது சேர்ந்து வருவதுண்டு. குழந்தை இதய மருத்துவர் செய்யும் கரு எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மற்றதெல்லாம் சரியாக இருந்து, குழாய் கரோனரி சைனஸில் சேர்கிறது என்றால், குழந்தை எல்லாரையும் போல வளரும். பிறந்த பிறகு ஒரு எக்கோ எடுத்து ரிப்போர்ட்டைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

18. அப்பாவுக்கு பைபாஸ். அவருக்கு இடது குழாய் இருக்கு. அது சிரை, இது தமனி ஆபரேஷன். இதை ஏன் சர்ஜன்கிட்ட சொல்லணும்?

பைபாஸிலும் வால்வு ஆபரேஷனிலும் இதயத்தை நிறுத்தி வேலை செய்யும்போது, தசையைக் காப்பாற்ற ஒரு குளிர்ந்த மருந்துக் கரைசலைச் செலுத்துகிறார்கள். தமனிகளில் அடைப்பு இருப்பதால், பல நேரங்களில் பின்பக்கமாக, கரோனரி சைனஸுக்குள் பலூன் குழாய் வைத்து, சிரைகள் வழியாக எதிர்த்திசையில் அனுப்புவார்கள். இடது மேல் பெருஞ்சிரை திறந்திருந்தால் அந்தக் கரைசல் தசைக்குப் போகாமல் அந்த அகலமான குழாய் வழியாக மேலே ஓடிவிடும். இதயம் பாதுகாப்பில்லாமல் நிற்கும். மேலும், இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைக்கும்போது இந்தக் குழாயின் ரத்தத்தையும் தனியாக வாங்க வேண்டியிருக்கலாம், இல்லையென்றால் வேலை செய்யும் இடம் ரத்தத்தால் நிறைந்துகொண்டே இருக்கும்.

தெரிந்திருந்தால் சர்ஜனுக்கு இது பெரிய விஷயமில்லை. குழாயைத் தற்காலிகமாகக் கட்டலாமா, கரைசலை முன்பக்கமாகவே கொடுத்துவிடலாமா என்று முன்பே திட்டமிட்டுக்கொள்வார். மயக்க மருந்து டாக்டரும் கழுத்துக் குழாயை எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்துக்கொள்வார். எக்கோ ரிப்போர்ட், சி.டி. தட்டு இரண்டின் நகலையும் அட்மிஷன் நாள் வரை வைத்திருக்காமல், சர்ஜனை முதலில் பார்க்கும் அன்றே கொடுத்துவிடுங்கள். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.